இடுப்பு வலிக்குப் பயிற்சி: மனசு சரியில்லாத நாளில் என்ன செய்வது

இடுப்பு வலி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டார், ஆபரேஷன் எல்லாம் வேண்டாம், பிசியோதெரபி போய்ப் பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். பிசியோவும் ஐந்தாறு பயிற்சிப் படம் போட்ட தாளைக் கையில் கொடுத்துவிட்டார். இந்த இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட், அந்தத் தாளைக் கொடுக்கிறவன். வாங்கிப் போகிறவர்களில் நிறையப் பேர் சில நாளிலேயே பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் முதலில் "நேரமே இல்லை சார்" என்பார்கள், இல்லையென்றால் "செஞ்சா வலி கூடுது" என்பார்கள். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால் மற்றவை வரும். ராத்திரி தூக்கமில்லை, வீட்டில் பணப் பிரச்சினை, என்ன செய்தாலும் இது சரியாகப் போவதில்லை என்ற நினைப்பு, குனிந்தால் உள்ளே ஏதாவது விலகிவிடும் என்ற பயம். பெரும்பாலான பயிற்சிகள் இங்கேதான் நின்றுபோகின்றன. தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

ஆரம்பிக்கும் முன் ஒரு எச்சரிக்கை. சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போவது, சிறுநீர் வராமல் நின்றுபோவது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, காலில் பலம் நாளுக்கு நாள் குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள், கீழே விழுந்து அடிபட்டவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள்: இவர்கள் டாக்டரைப் பார்த்த பிறகுதான் பயிற்சிக்கு வர வேண்டும். இதெல்லாம் இல்லை என்று உறுதியானவர்கள் மேலே படியுங்கள்.

மனநிலைக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்

"அப்போ என் வலி எல்லாம் மனப்பிரமையா?" என்று சிலர் கோபப்படுவார்கள். கோபம் நியாயம்தான், அப்படிச் சொல்லிக் கேட்டு நொந்தவர்கள் அதிகம். வலி நிஜம். ஆனால் இடுப்பிலிருந்து கிளம்பும் செய்தி மூளைக்குப் போகும் வழியில் அப்படியே போவதில்லை. மெல்ஸாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-இல் இதைப் பற்றி எழுதினார்கள்: தண்டுவடத்தில் அந்தச் செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் ஓர் ஏற்பாடு இருக்கிறது, மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகளும் அதைக் கட்டுப்படுத்துகின்றன என்று. அவர்கள் சொன்ன நரம்பு இணைப்புகளில் பின்னாளில் திருத்தங்கள் வந்தன, அடிப்படைக் கருத்து நின்றது. தூக்கம் கெட்ட நாளிலும் பதற்றமான நாளிலும் ஒரே இடுப்பு அதிகமாக வலிப்பது உங்கள் கற்பனை இல்லை. உடம்பு அப்படித்தான் வேலை செய்கிறது.

இரண்டாவது விஷயம் பயம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, அதேதான் இங்கே நடக்கிறது. ஒரு தடவை குனியும்போது பிடித்துக்கொண்டது, அதிலிருந்து குனிவதே இல்லை, குனியாததால் முதுகுத் தசை இறுகிப் பலம் குறைகிறது, அதனால் அடுத்த முறை கொஞ்சம் குனிந்தாலே வலிக்கிறது, பயம் இன்னும் உறுதியாகிறது, வெளியே போவது குறைகிறது, மனசு சோர்ந்துபோகிறது. ஃப்ளாயன், லிண்டன் என்ற உளவியலாளர்கள் 2000-இல் இந்தச் சுழலை விரிவாக எழுதினார்கள். நாள்பட்ட இடுப்பு வலியில் ஒருவர் எவ்வளவு முடங்கிப்போகிறார் என்பது வலியின் அளவைவிடப் பயத்தின் அளவைப் பொறுத்து அமைவதும் உண்டு.

இந்தப் பயத்துக்குக் கையில் வரும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஒரு காரணம். எல்-4, எல்-5 (இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நான்காவதும் ஐந்தாவதும்) இடையே ஜவ்வு, அதாவது டிஸ்க், விலகியிருக்கிறது, எலும்பு தேய்ந்திருக்கிறது என்று படித்ததும் முதுகே நொறுங்கிவிடும் போல ஒரு படம் மனதில் விழுந்துவிடுகிறது. 2015-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. இடுப்பு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 20 வயதில் இருப்பவர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, 80 வயதில் 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கம் 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். திரும்பவும் சொல்கிறேன், இவர்கள் யாருக்கும் வலி கிடையாது. ஆகவே ரிப்போர்ட்டில் இருக்கும் தேய்மானம் பெரும்பாலும் தலை நரைப்பது மாதிரி வயதோடு வருவது. அதைப் பார்த்துப் பயிற்சியை விட வேண்டியதில்லை. காலில் பலக்குறைவு, மரத்துப்போவது இருந்தால் கதை வேறு, அதற்கு டாக்டர் இருக்கிறார்.

முதல் வாரம்: எழுதிவைப்பது மட்டும்

ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், மொபைலில் எழுதினாலும் சரி. தினமும் மூன்றே மூன்று விஷயம்: பயிற்சிக்கு முன் மனசு எப்படி இருந்தது (0 என்றால் ரொம்ப மோசம், 10 என்றால் ரொம்ப நல்லது), என்ன செய்தீர்கள், மறுநாள் காலையில் வலி எவ்வளவு (இங்கே 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்க முடியாத வலி). மணிக்கு ஒரு தடவை வலியைக் குறித்துவைக்காதீர்கள், அது கவனத்தை வலி மேலேயே ஒட்டவைத்துவிடும். மறுநாள் காலை ஒருமுறை போதும்.

தையல் மிஷினில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு அம்மா எழுதிக்கொண்டு வந்த பக்கம் கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

திங்கள்: மனசு 6. 8 நிமிஷம் நடந்தேன். மறுநாள் வலி 4.
செவ்வாய்: மனசு 3. தூக்கமில்லை. பையனுக்கு பீஸ் கட்டணும். நடக்கலை. மறுநாள் வலி 6.
புதன்: மனசு 3. எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டாங்க, 4 நிமிஷம் நடந்தேன். மறுநாள் வலி 5.
ஞாயிறு: மனசு 8. வலி இல்லை. ஒட்டடை அடிச்சு பரண் சாமான் எல்லாம் இறக்கி வெச்சேன். மறுநாள் வலி 8.

இதில் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஒன்றுமே செய்யாத செவ்வாயைவிட, அதே மோசமான மனநிலையில் நாலு நிமிடம் நடந்த புதன் அவருக்கு மோசமாக முடியவில்லை. வாரத்திலேயே மனசு நன்றாக இருந்த ஞாயிறுதான் திங்கட்கிழமை அவரைப் படுக்கவைத்தது. நல்ல நாள் ஆபத்தில்லாதது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வலியில்லை, மனசு தெளிவாக இருக்கிறது, பாக்கி வைத்த வேலையெல்லாம் இன்றே முடித்துவிடலாம் என்று இறங்கி, மறுநாள் எழ முடியாமல் கிடந்து, "பார்த்தியா, வேலை செஞ்சா வலிக்குது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. அளவு கூடியதால் வந்த வலி அது.

உங்கள் நோட்டில் வேறு மாதிரி வரலாம். சிலருக்கு மனசும் வலியும் ஒட்டவே ஒட்டாது, தூக்கம்தான் ஒட்டும். அதுவும் தெரியவேண்டிய விஷயமே.

அளவை எப்படி முடிவு செய்வது

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி, நிதானமாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் சியாட்டிலில் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் 1970-களில் நாள்பட்ட வலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது ஒரு விஷயத்தை மாற்றினார். "வலிக்கும் வரை செய், வலித்தால் நிறுத்து" என்பதை விட்டுவிட்டு, முன்கூட்டியே முடிவு செய்த அளவைச் செய்யச் சொன்னார். அளவு முடிந்தால் நிறுத்த வேண்டும், நன்றாக இருந்தாலும் தொடரக் கூடாது. ஸ்வீடனில் யோத்தேபோரி நகரத்து வால்வோ தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு இதே முறையில் படிப்படியாகக் கூட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள், முடிவுகள் 1992-இல் வெளிவந்தன. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள்.

வீட்டில் செய்வது இப்படி. நடையை எடுத்துக்கொள்வோம். மூன்று வெவ்வேறு நாளில், வலி தாங்கும் அளவுக்குள், எவ்வளவு நிமிடம் நடக்க முடிகிறது என்று பாருங்கள். 12, 8, 10 என்று வந்தால் சராசரி 10. அதில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள், 8 நிமிடம். அதுதான் உங்கள் தொடக்க அளவு. "இவ்வளவுதானா?" என்று தோன்ற வேண்டும். தோன்றினால் அளவு சரி. ஒரு வாரம் 8, அடுத்த வாரம் 9, அதற்கடுத்து 10. இடுப்பைத் தூக்கும் பயிற்சியானாலும் நாற்காலியிலிருந்து எழுவதானாலும் இதே கணக்குதான், நிமிடத்துக்குப் பதில் எண்ணிக்கை.

இப்போது மனநிலை எங்கே வருகிறது? மனசு நன்றாக இருக்கும் நாளிலும் 8 நிமிடம்தான். ஆசையாக இருந்தாலும் நிறுத்துங்கள். மிச்சமிருக்கும் உற்சாகத்தை வேறு எதற்காவது செலவழியுங்கள், சிநேகிதருக்கு போன் செய்யுங்கள், பேரனோடு உட்கார்ந்து கேரம் விளையாடுங்கள். மனசு சரியில்லாத நாளிலும் 8 நிமிடத்துக்காகவே கிளம்புங்கள். இரண்டு நிமிடம் நடந்த பிறகும் மனசு இளகவில்லை என்றால் 4 நிமிடத்தில் திரும்பிவிடலாம், நோட்டில் 4 என்று எழுதிக்கொள்ளலாம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கட்டிலில் படுத்துக்கொண்டே "இன்றைக்கு முடியாது" என்று முடிவு செய்யாதீர்கள். செருப்பைப் போட்டு வாசலைத் தாண்டிய பிறகு முடிவு செய்யுங்கள். சோர்ந்த மனசு முன்கூட்டிச் சொல்லும் கணக்கு பெரும்பாலும் தப்பாகவே இருக்கிறது, கிளம்பியவர்களில் அதிகம் பேர் முழு அளவையும் முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். மனசு சரியானதும் பயிற்சி செய்கிறேன் என்று காத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பல நேரம் வரிசை தலைகீழ், செய்யச் செய்யத்தான் மனசு சரியாகிறது.

பயிற்சி முடிந்ததும் வலி கொஞ்சம் கூடினால் பதற வேண்டாம். மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரியாக இருக்கிறது. வரவில்லை என்றால் முந்தைய வாரத்து அளவுக்கு இறங்குங்கள். பூஜ்யத்துக்கு இறங்காதீர்கள்.

எந்தப் பயிற்சி?

உங்களுக்குப் பிடித்தது. மழுப்புகிறேன் என்று நினைக்காதீர்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்கான உடற்பயிற்சி பற்றி 2021-இல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) தொகுப்பாய்வு 249 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சையே இல்லாதவர்களோடும் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களோடும் ஒப்பிட்டால், பயிற்சி செய்தவர்களுக்கு 0 முதல் 100 வரையான வலி அளவில் சராசரியாக 15 புள்ளி குறைவாக இருந்தது. மாயம் ஒன்றும் இல்லை, ஆனால் நிஜமான குறைவு. தெரியாதவர் யூடியூபில் "இந்த ஒரே ஒரு பயிற்சி போதும்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். விடாமல் செய்வதுதான் பலன் தருகிறது, மனசு ஒப்பாத பயிற்சியை யாராலும் விடாமல் செய்ய முடியாது. யோகா பழகியவர் யோகா செய்யட்டும், நீச்சல் தெரிந்தவர் நீந்தட்டும். ஒன்றும் தெரியாதவர்கள் நடங்கள். 2024-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வில், இடுப்பு வலியிலிருந்து சமீபத்தில் தேறிய 701 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு பிசியோ உதவியோடு படிப்படியாகக் கூட்டும் நடைப் பயிற்சி கொடுத்தார்கள், வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் என்பது இலக்கு. நடந்தவர்களுக்கு வலி திரும்பி வர எடுத்த காலம் இடைநிலையாக (பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்குப் பிறகு என்ற கணக்கில்) 208 நாள், நடக்காதவர்களுக்கு 112.

நடையோடு இரண்டு பயிற்சி சேர்த்துக்கொள்ளலாம். பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றி இடுப்பைத் தூக்கி இறக்குவது ஒன்று. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது இன்னொன்று. அவ்வளவுதான்.

பயந்த அசைவை மீட்பது

ஒவ்வொருவருக்கும் ஓர் அசைவு இருக்கும், அதை நினைத்தாலே உடம்பு இறுகும். சிலருக்குக் கோலம் போடக் குனிவது, சிலருக்கு டூவீலரில் பள்ளத்தில் இறங்குவது, சிலருக்குக் கீழே உட்கார்ந்து எழுவது. பொதுப் பயிற்சியை மாதக்கணக்கில் செய்தாலும் இந்த அசைவை ஒதுக்கியே வைத்திருந்தால் பயம் அப்படியே இருக்கும்.

நான் சொன்ன அந்த அம்மாவுக்குத் தண்ணீர்க் குடம். பெல்ட் போட்டுக்கொண்டுதான் சமையலறைக்கே போவார். ஒரு காலிப் பிளாஸ்டிக் குடத்தைத் தரையில் வைத்து எடுக்கச் சொன்னேன். ஒரு கையை முழங்காலில் ஊன்றி, பல்லைக் கடித்து, முதுகைக் கட்டைபோல வைத்துக்கொண்டு இறங்கினார். குடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"மூச்சைப் பிடிச்சிருக்கீங்கம்மா."

"இல்லையே சார்."

"எண்ணிக்கிட்டே குனியுங்க, சத்தமா."

இரண்டு என்று சொல்லும்போதே சத்தம் நின்றுவிட்டது, அவரே சிரித்துவிட்டார். அன்றைக்கு நாங்கள் செய்ததெல்லாம், குடத்தை ஸ்டூல் மேல் வைத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே, தோளைத் தளர்த்தி எடுத்துவைப்பது மட்டும்தான். அடுத்த வாரம் குட்டை ஸ்டூல், அப்புறம் செங்கல் மேல், அப்புறம் தரை, அப்புறம் குடத்தில் கால்வாசித் தண்ணீர். ஒரு படியில் மனசு "சரி, இது ஒன்றுமில்லை" என்று சொன்ன பிறகுதான் அடுத்த படி.

வீட்டில் நீங்களும் இதைச் செய்யலாம். பயப்படும் அசைவை மேலே எழுதி, அதன் கீழே ஐந்தாறு சுலபமான வடிவங்களைப் படியாக எழுதுங்கள். ஒவ்வொன்றையும் செய்யும் முன் "என்ன ஆகும் என்று பயப்படுகிறேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். செய்த பிறகு "என்ன ஆயிற்று" என்று ஒரு வரி. "பிடித்துக்கொள்ளும், எழ முடியாது" என்று எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் "கொஞ்சம் இழுத்தது, எழுந்துவிட்டேன்" என்று உங்கள் கையெழுத்திலேயே இருந்தால் அதற்கு நான் சொல்லும் ஆறுதலைவிட மதிப்பு அதிகம். மூச்சு, தாடை, கைமுஷ்டி மூன்றையும் கவனியுங்கள், பயம் முதலில் அங்கேதான் இறுகும். ஆஸ்திரேலியாவில் 492 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப் பயந்த அசைவை இளக்கமாகச் செய்யப் பழக்கி, வலியைப் பற்றிய புரிதலையும் மாற்றும் சிகிச்சையை 12 வாரத்தில் அதிகபட்சம் ஏழு அமர்வுகளும், பிறகு ஒரு மறு அமர்வுமாகக் கொடுத்தார்கள். வழக்கமான கவனிப்பைவிட நல்ல முன்னேற்றம், ஒரு வருடம் கழித்தும் நிலைத்திருந்தது.

சோர்வு, பதற்றம், கோபம்

எல்லா மோசமான மனநிலைக்கும் ஒரே வழி கிடையாது. சோர்ந்திருப்பவர்கள் தனியாகத் தொடங்குவது கஷ்டம், அதனால் ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், "நாளைக்கு ஆறு மணிக்கு வருகிறேன்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவையுங்கள். அப்புறம் தினமும் செய்யும் ஏதாவது ஒரு வேலையோடு பயிற்சியைக் கட்டிவிடுங்கள், காலை டீக்கு முன் பத்துத் தடவை நாற்காலியிலிருந்து எழுவது, அவ்வளவு. பதற்றக்காரர்கள் பயிற்சி செய்யும்போது ஒவ்வொரு தடவையும் "வலிக்கிறதா, வலிக்கிறதா" என்று உள்ளே தேடிக்கொண்டே இருப்பார்கள். பாட்டுப் போட்டுக்கொண்டு செய்யட்டும், வெளியே நடக்கும்போது தெருவில் என்னென்ன மரம் இருக்கிறது என்று பார்க்கட்டும்.

கோபக்காரர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வேலை செய்த இடத்தில் மூட்டை தூக்கித்தான் வலி வந்தது, முதலாளி லீவு தரவில்லை, மருத்துவச் செலவுக்கும் கை விரித்துவிட்டார் என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்? அந்தக் கோபத்தைப் பயிற்சியில் காட்டினால் அளவு எகிறிவிடும், உடம்பு முழுக்க இறுகும். இவர்களுக்கு மெதுவான நடையை முதலில் வைத்து, பத்து நிமிடம் கழிந்த பிறகு மற்ற பயிற்சிக்குப் போகச் சொல்வேன். கோபத்தை அடக்கு என்று சொல்ல மாட்டேன். அந்த அநியாயத்துக்குத் தனியாக வழி தேட வேண்டும், தொழிற்சங்கமோ தொழிலாளர் துறை அலுவலகமோ. பயிற்சி அதற்கு மாற்று இல்லை.

வலி திடீரென்று கூடினால்

கூடும், எப்போதாவது. அதற்கான திட்டத்தை மனசு தெளிவாக இருக்கும் இன்றைக்கே எழுதி பீரோ கதவில் ஒட்டிவிடுங்கள், ஏனென்றால் பிடித்துக்கொண்ட நேரத்தில் யோசிக்க முடியாது. என்ன எழுதலாம்: "முன்பும் இப்படி வந்து போயிருக்கிறது. வெந்நீர் ஒத்தடம். டாக்டர் சொன்ன மாத்திரை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குள் நடை. பயிற்சி பாதி அளவு, இரண்டு மூன்று நாள். அப்புறம் பழைய அளவு." மேலே சொன்ன எச்சரிக்கை அறிகுறிகளையும் அதே தாளின் கீழே எழுதிவையுங்கள், அது இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டால் மீதிப் பதற்றம் குறையும்.

படுத்தே கிடக்காதீர்கள். ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடம் நடந்து 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், திடீர் இடுப்பு வலி வந்தவர்களில் ஒரு பகுதியினரை இரண்டு நாள் படுக்கச் சொன்னார்கள், ஒரு பகுதியினருக்கு முதுகுப் பயிற்சி கொடுத்தார்கள், மீதிப் பேரை முடிந்த அளவு வழக்கமான வேலையைச் செய்யச் சொன்னார்கள். சீக்கிரம் தேறியவர்கள் மூன்றாவது கூட்டம்தான். கவனியுங்கள், வலி புதிதாகப் பிடித்த அந்தச் சில நாளில் பயிற்சியைக்கூடக் குறைத்துக்கொள்ளலாம், அன்றாட நடமாட்டத்தை விடக் கூடாது. படுத்துக் கிடந்தால் மனசு வேறு கண்டபடி ஓடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"அத்தை, நீங்க உட்காருங்க, குனியாதீங்க, நான் எடுத்துக்கிறேன்" என்று மருமகள் சொல்வது பாசத்தில்தான். ஆனால் நாள் முழுக்க அதையே கேட்டால், தன் முதுகு ஒன்றுக்கும் உதவாது என்ற எண்ணம் அவருக்குள் உறைந்துவிடும். வலிக்கிறது என்று சொன்னால்தான் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள், நடந்துவிட்டு வந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை என்ற நிலை பல வீட்டில் இருக்கிறது. அதை மாற்றுங்கள். "அத்தை, வாங்க, ரெண்டு பேரும் முக்குக் கடை வரைக்கும் நடந்துட்டு வருவோம்" என்று கூப்பிடுங்கள். "இப்போ வலி எப்படி இருக்கு?" என்ற கேள்வியைக் கொஞ்சம் குறைத்து, "இன்னைக்கு எவ்வளவு தூரம் போனீங்க?" என்று கேளுங்கள். காய் நறுக்குவதோ துணி மடிப்பதோ அவர் செய்துகொண்டிருந்த வேலையை அவரிடமே விட்டுவையுங்கள்.

பயிற்சியால் மட்டும் முடியாதபோது

கடந்த இரண்டு வாரத்தை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான நாட்களில் எதிலும் நாட்டமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா? பெரும்பாலான நாட்களில் மனசு தாழ்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், இடுப்புக்காகப் பார்க்கிற அதே டாக்டராக இருந்தாலும் பரவாயில்லை. மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை இருக்கிறது, பேச்சு சிகிச்சையும் இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. மனச்சோர்வோடு இருப்பவரிடம் பயிற்சித் தாளை மட்டும் கொடுத்து, செய்யவில்லை என்று திட்டுவது கொடுமை. என் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் இருப்பவர்கள் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள், வலி எவ்வளவு, பயிற்சி எவ்வளவு என்ற கணக்கையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எப்போது பலன் தெரியும்

ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கொடுங்கள். வலி எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், அது ஏறி இறங்கித்தான் வரும். எவ்வளவு நேரம் பஸ்ஸில் உட்கார முடிகிறது, கல்யாண வீட்டுக்குப் போய் எத்தனை மணி நேரம் இருந்தீர்கள், ராத்திரி எத்தனை தடவை விழித்தீர்கள் என்பதை வாரம் ஒருமுறை எழுதுங்கள். வலி 5-லேயே இருக்கும்போதே இவை முன்னேறுவதைப் பல பேரிடம் பார்த்திருக்கிறேன், வலி அதற்குப் பிறகுதான் இறங்கத் தொடங்கும். பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் இந்த மூன்றில் ஒன்றுகூட நகரவில்லை என்றால் நோட்டை எடுத்துக்கொண்டு பிசியோவிடம் திரும்பப் போங்கள். அவர் வலி எங்கே என்று கேட்பதற்கு முன்பே, இந்த மாதம் மனசு எப்படி இருந்தது, எந்தெந்த நாளில் பயிற்சி நின்றது என்று அந்தப் பக்கங்களைக் காட்டுங்கள், அளவை எங்கே மாற்றுவது என்று அதிலிருந்தே அவரால் சொல்ல முடியும்.